நிக்காஹ் பதிவு: மஹல்லாவின் அமானிதம்

(நமது மஹல்லாவின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும் இந்த நாளில் இன்னொரு கணக்கைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச நிர்வாகத்தினர் நம்மைப் பணித்துள்ளார்கள். அது நம் மஹல்லாவின் நிக்காஹ் தஃப்தர். ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அலுவலக அறையின் வாசலில் நிற்பவர்களில் பலர் கேட்பது ஒன்றுதான்: “ஹஜ்ரத், எங்கள் நிக்காஹ்வுக்கு ஒரு சான்று வேண்டும்.” திருமணம் முடிந்து பத்தாண்டு, பதினைந்தாண்டு கழித்து வருகிறார்கள். வெளிநாடு செல்ல விசா கேட்கிறார்கள், தொழிற்சாலையில் கேட்கிறார்கள், நீதிமன்றத்தில் கேட்கிறார்கள் என்று சொல்கிறார்கள். ஆகவே இதைப் பற்றி மஹல்லா முழுவதும் ஒரே நேரத்தில் அறிந்துகொள்வது நல்லது.

உரிமமும் பதிவும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அமெரிக்கா போன்ற நாடுகளில் திருமணத்திற்கு முன்பே அரசு அலுவலகத்தில் உரிமம் பெற வேண்டும். நம் நாட்டில் முஸ்லிம்களின் நிக்காஹ்வுக்கு அத்தகைய முன் அனுமதி எதுவும் தேவையில்லை. நிக்காஹ் நடந்த பிறகு அதைப் பதிவு செய்வதே இங்குள்ள கடமை. இரு வேறு சமயத்தவர் மணந்துகொள்ளும் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில்தான் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு.

உரிமம் என்று சொல்லத்தக்க ஒன்று நம்மிடம் இருக்குமானால் அது ஜமாஅத் கடிதம்தான். மாப்பிள்ளை வேறு மஹல்லாவைச் சேர்ந்தவராக இருந்தால், அவருடைய ஜமாஅத்திலிருந்து ‘இவர் எங்கள் மஹல்லாவாசி, இத்திருமணத்தில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை’ என்ற கடிதத்தைப் பெண் வீட்டு ஜமாஅத் கேட்டு வாங்குகிறது. அரசுச் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தாமலே நம் முன்னோர் உண்டாக்கிவைத்த பாதுகாப்பு இது.

இக்கடிதத்தின் அருமை ஓசூர்ப் பகுதிக்காரர்களாகிய நமக்கு மிக நன்றாகத் தெரிய வேண்டும். சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் நம் ஊர் பல ஊர்களாகிவிட்டது. வேலூரிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் இருக்கிறார்கள். பீஹார், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்காளம், அஸ்ஸாம் மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் நம் பள்ளியிலேயே தொழுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். எனினும் ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவருக்கு மனைவி மக்கள் இருக்கிறார்களா என்பதை முகத்தைப் பார்த்து அறிய முடியாது. அவர் ஊர் ஜமாஅத்தின் கடிதம் வரும்வரை நாம் நிக்காஹ் நடத்துவதில்லை. கடிதம் வந்த பிறகும் அதிலுள்ள முகவரியை நாமே தேடி, அந்த ஊர்ப் பள்ளியின் பொறுப்பாளரிடம் தொலைபேசியில் உறுதி செய்கிறோம். இதனால் சில வீட்டார் நம்மீது வருத்தப்பட்டதுண்டு. ஒரு பெண்ணின் வாழ்நாள் வருத்தத்தைக் காட்டிலும் அது சிறியது.

மார்க்கம் எழுத்தை எவ்வளவு மதிக்கிறது

“ஈஜாபும் கபூலும் ஆகிவிட்டது, சாட்சிகள் இருக்கிறார்கள், இதற்குமேல் காகிதம் எதற்கு?” என்று கேட்போர் உண்டு. நிக்காஹ் நிறைவேறுவதற்குக் காகிதம் நிபந்தனையன்று என்பது உண்மையே. ஹனஃபி மத்ஹபில் இரு சாட்சிகள் கட்டாயம்; ஷாஃபிஈ மத்ஹபில் அவர்களுடன் வலீயும் கட்டாயம். இரு மத்ஹபைச் சேர்ந்தவர்களும் கலந்து வாழும் மஹல்லா ஆதலால் நம் தஃப்தரில் வலீக்கும் வக்கீலுக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன.

ஆயினும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தை எண்ணிப் பாருங்கள். தவணையிட்ட கடனை எழுதிவைக்கவும், சாட்சிகளை ஏற்படுத்தவும், சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பாதிருக்கவும் அங்கே நமக்கு வழிகாட்டப்படுகிறது. கொடுக்கப்படாத மஹர் கணவன் மீது நிற்கும் கடனே. அவன் இறந்தால் சொத்தைப் பங்கிடுவதற்கு முன்பு அக்கடன் தீர்க்கப்பட வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க் கடனுக்குப் பத்திரம் எழுதும் நாம், மஹரை எழுதச் சோம்பினால் அதை எப்படி நியாயப்படுத்துவது?

இங்கே ஒரு நுணுக்கமும் உண்டு. உடனே கொடுக்கும் மஹரும், பிறகு கொடுக்கும் மஹரும் அரபியில் வெவ்வேறு எழுத்துகளால் எழுதப்படும் இரு சொற்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ‘முஅஜ்ஜல்’ என்று ஒரே சொல்லாகிவிடுகின்றன! நாளை அதைப் படிக்கும் நீதிபதிக்கோ, அடுத்து வரும் இமாமுக்கோ எது எதுவென்று விளங்காது. ஆகவே ‘சபையிலேயே கொடுக்கப்பட்டது’, ‘பின்னர் கொடுக்க வேண்டியது’ என்று நல்ல தமிழில் எழுதுவோம். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவோம். நகையாக இருந்தால் எடையைக் கிராமில் குறிப்போம். அகில இந்திய முஸ்லிம் தனியார் சட்ட வாரியமும் 2005ஆம் ஆண்டு போபாலில் ஒரு மாதிரி நிக்காஹ்நாமாவை வெளியிட்டது. தெளிவாக எழுத வேண்டும் என்பதில் உலமாக்களுக்கும் சட்டத்திற்கும் இடையே பகையில்லை.

சட்டம் கடந்து வந்த பாதை

காஜிகளைப் பற்றிய 1880ஆம் ஆண்டுச் சட்டம், முதற்கண் சென்னை மாகாணத்திற்கே கொண்டுவரப்பட்டது. அதற்கான மசோதாவை அன்றைய சட்டமன்றத்தில் முன்வைத்தவர் சர் செய்யது அஹ்மத் கான். இன்றும் நம் மாநிலத்தில் அரசு காஜிகள் அச்சட்டத்தின்படியே நியமிக்கப்படுகிறார்கள். எனினும் காஜிக்கு நீதிமன்ற அதிகாரம் எதுவும் அச்சட்டம் வழங்கவில்லை; நிக்காஹ் சபையில் அவர் இருந்தே ஆக வேண்டும் என்றும் அது சொல்லவில்லை. தலாக் குறித்துக் காஜிகள் தரும் சான்று ஒரு கருத்து மட்டுமே, சட்ட ஆவணமாகாது என்று 2017 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மறுமணத்திற்காக வருவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

2006 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், எல்லாச் சமயத்தாரின் திருமணங்களும் பதிவு செய்யப்பட வேண்டுமென்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. பதிவு மட்டுமே ஒரு திருமணத்தைச் செல்லுபடியாக்கிவிடாது. ஆயினும் மனைவியின் உரிமை, குழந்தைகளின் உரிமை, மணமக்களின் வயது ஆகியவற்றில் அது வலுவான ஆதாரம் என்பதே அத்தீர்ப்பின் சாரம். அதனைத் தொடர்ந்து தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 இயற்றப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 24 முதல் நடைமுறைக்கு வந்தது.

அப்போது நம் சமுதாயத்தில் ஐயங்கள் எழுந்தன. ஜமாஅத்தின் அதிகாரம் பறிபோகுமோ, ஷரீஅத்தில் தலையிடுகிறார்களோ என்று பலர் அஞ்சினார்கள். இத்தனை ஆண்டு அனுபவத்தில் நாம் கண்டது என்ன? நிக்காஹ்வை நாம்தான் நடத்துகிறோம். தஃப்தர் நம்மிடம்தான் இருக்கிறது. பதிவுக்குச் செல்வோர் நம் சான்றைத்தான் கையில் எடுத்துச் செல்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் நடப்பது, நடந்து முடிந்த ஒன்றுக்கு அரசின் சாட்சியம் சேர்ப்பது. முஸ்லிம்கள் வாழும் பிற நாடுகளிலும் இந்த ஏற்பாடு உண்டு. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பதிவைக் கடமையாக்கியது. பதிவில்லை என்பதால் மட்டும் நிக்காஹ் செல்லாது என்று அது கூறவில்லை. சிங்கப்பூரில் முஸ்லிம் திருமணங்களுக்கென்றே தனிப் பதிவகம் இயங்குகிறது.

எல்லையோர வாழ்வின் சிக்கல்

நம் மண்டபங்களில் இடம் கிடைக்காவிட்டால் அத்திபெலேயில் பார்க்கிறோம். பெண் ஆனேக்கல்லில், மாப்பிள்ளை ஓசூரில். வலீமா ஓர் ஊரில், நிக்காஹ் மறு ஊரில். ஜூஜுவாடியைத் தாண்டுவது நமக்குத் தெருவைக் கடப்பது போன்றது. சட்டத்திற்கோ அங்கே வேறு மாநிலம் தொடங்கிவிடுகிறது.

திருமணம் எந்த மாநிலத்தில் நடந்ததோ அந்த மாநிலச் சட்டத்தின்படியே பதிவு செய்ய வேண்டும் என்பதைப் பொது விதியாகக் கொள்ளுங்கள். அத்திபெலேயில் நடந்த நிக்காஹ்வுக்குக் கர்நாடகத்தின் 1976ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டம் பொருந்தும். குப்பம் பக்கம் நடந்தால் ஆந்திரத்தின் 2002ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். காலக்கெடுவும் படிவமும் அங்கே வேறு. ஆகவே மண்டபம் பேசும்போதே பதிவைப் பற்றியும் பேசிவிடுங்கள்.

இன்னொரு செய்தியும் கவனத்திற்குரியது. முஸ்லிம்களுக்குத் திருமணச் சான்று வழங்க வக்ஃபு வாரியத்திற்கு அதிகாரம் அளித்து 2023 ஆகஸ்டில் கர்நாடக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அதற்கு 2024 நவம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. “வக்ஃபு வாரியச் சான்று கையில் இருக்கிறது, போதும்” என்று இருக்கும் நம் உறவினர்கள், திருமணப் பதிவாளரிடமும் பதிந்துகொள்வதே பாதுகாப்பு.

தொழிலாளி வீட்டுப் பெண்ணின் நிலை

இதெல்லாம் வசதியுள்ளோர் விசாவுக்காகச் செய்யும் காரியம் என்று எண்ணிவிடாதீர்கள். காகிதம் மிக அதிகமாகத் தேவைப்படுவது, மாதச் சம்பளத்தில் வாழும் தொழிலாளியின் மனைவிக்கே.

ஒரு சகோதரி இரண்டு பிள்ளைகளுடன் நம்மிடம் வந்தார். ஒரு தொழிற்சாலையில் பணியாற்றிய அவருடைய கணவர் சாலை விபத்தில் இறந்துவிட்டார். நிக்காஹ் நடந்தது எல்லைக்கு அப்பால் ஒரு மண்டபத்தில். அரசுப் பதிவு இல்லை. ஒரு சிறு அச்சிட்ட தாள் மட்டும் இருந்தது. அதில் கணவரின் பெயர் ஒருவிதமாகவும் ஆதார் அட்டையில் வேறுவிதமாகவும் இருந்தன. நடத்திவைத்த ஆலிம் வேறு ஊருக்குச் சென்றுவிட்டார். நிறுவனத்தின் ஏடுகளில் கணவர் இன்னும் திருமணமாகாதவர். இத்தாவின் நாட்கள் முடியும் முன்பே அந்தப் பெண் தான் மனைவி என்பதை நிரூபிக்க வேண்டியதாயிற்று. வாரிசுச் சான்றுக்காக அலைந்த அம்மாதங்களில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை ஜமாஅத்தே கட்டியது. அந்தப் பழைய தஃப்தர் அங்கே பத்திரமாக இருந்ததால், இறுதியில் அல்லாஹ்வின் அருளால் காரியம் முடிந்தது. அந்த ஒரு பக்கம் கிழிந்துபோயிருந்தால் என்னவாகியிருக்கும்?

ஆகவே தொழிலாளத் தோழர்களே, திருமணமானதும் மூன்று இடங்களில் மனைவியின் பெயரைச் சேருங்கள். முதலாவது, வருங்கால வைப்பு நிதியின் வாரிசு நியமனம். 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் இறந்த ஊழியரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் உண்டு. இரண்டாவது, இ.எஸ்.ஐ. குடும்ப விவரம். மூன்றாவது, குடும்ப அட்டை. ஒப்பந்தத் தொழிலாளர்களும் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் நடந்த நிக்காஹ்வை 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள், ஆக 150 நாட்கள் வரை இடமுண்டு. அதையும் கடந்தால் சிக்கல்தான். பதிவு செய்யாதது சட்டப்படி குற்றமும் ஆகும். முன்பு, திருமணம் நடந்த இடத்துக்குரிய அலுவலகத்தில் மட்டுமே பதிய முடிந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் மணமகன் அல்லது மணமகள் வசிக்கும் இடத்துக்குரிய அலுவலகத்திலும் பதியலாம். கிருஷ்ணகிரியில் மணந்து ஓசூரில் வாழ்வோருக்கு இது பெரிய வசதி. பதிவுத்துறையின் இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு, குறித்த நாளில் நேரில் செல்லலாம். சார்பதிவாளர் மறுத்தால் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

நமது நிக்காஹ் சான்று, திருமண அழைப்பிதழ், இருவரின் வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்கள், சாட்சிகளின் அடையாள அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மறுமணமாயின் முந்தைய துணையின் இறப்புச் சான்றோ மணவிலக்குக்கான ஆவணமோ வேண்டும். வெளிநாடு செல்வோர் பதிவுச் சான்றின் மீது மாநில அரசின் சான்றொப்பமும் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பமும், நாட்டைப் பொறுத்துத் தூதரகத்தின் சான்றொப்பமும் பெற வேண்டியிருக்கும்.

பெயர் விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. நம் பகுதியில் ஒருவரின் பெயர் உருதுவில் ஒன்று, தமிழில் ஒன்று, கன்னடப் பள்ளிச் சான்றில் ஒன்று என்று இருக்கிறது. முஹம்மத், முகமது, மொஹம்மத் மூன்றும் நமக்கு ஒன்றுதான். கணினிக்கு மூன்று மனிதர்கள். தமிழ்நாட்டார் தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னே போடுகிறோம்; வடக்கிலிருந்து வருவோர் குடும்பப் பெயரைப் பின்னே எழுதுகிறார்கள். நிக்காஹ் சபையில் ‘செல்லப்பெயர்’ சொல்லி எழுதவைக்காதீர்கள். ஆதார் அட்டையில் உள்ளபடியே எழுதுவோம்.

வயது

மணமகளுக்கு 18, மணமகனுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, நடத்தி வைப்பவருக்கும் அனுமதிக்கும் பெற்றோருக்கும் இரண்டாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பகுதிகளில் நடக்கும் குழந்தைத் திருமணங்களால் நம் மாவட்டத்தின் பெயர் செய்திகளில் அடிபடுவதை அறிவீர்கள். அது எந்த ஒரு சமயத்துக்கு மட்டும் உரிய நோயன்று. ஆனால் நம் மஹல்லாவில் அதற்கு இடமில்லை. பிறப்புச் சான்றோ பள்ளிச் சான்றோ பாராமல் நாம் தஃப்தரைத் திறப்பதில்லை. எல்லையைத் தாண்டிச் சென்று நடத்திக்கொள்ளலாம் என்று எண்ணுவோருக்கும் சொல்கிறோம்: இது மத்தியச் சட்டம், அத்திபெலேயிலும் இதே வயதுதான்.

பழைய பதிவுகளைத் தேடுவது

அரசில் பதிவான திருமணத்தின் சான்று தொலைந்துபோனால், கணவன் மனைவி பெயர், திருமண நாள், பதிந்த அலுவலகம் ஆகிய விவரங்களைக் கொண்டு சான்றளிக்கப்பட்ட நகல் பெறலாம். பதிவு எண்ணை எங்காவது குறித்துவைத்திருந்தால் தேடுவது எளிது.

2009 நவம்பருக்கு முன் நடந்த நிக்காஹ்களில் பெரும்பாலானவற்றுக்கு மஹல்லா தஃப்தரே ஒரே ஆதாரம். தேடி வருவோர் ஆண்டையாவது சரியாகச் சொல்ல வேண்டும். ‘ரபீயுல் அவ்வல் பிறை பத்து’ என்று மட்டும் நினைவிருந்தால் ஆங்கில ஆண்டைக் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே இனி ஹிஜ்ரி, ஆங்கிலத் தேதிகள் இரண்டையும் எழுதுவோம். பழைய தாள்களில் மாவட்டத்தின் பெயர் மாறியிருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். 1965 வரை இப்பகுதி சேலம் மாவட்டம். பின்னர் தருமபுரி மாவட்டம். 2004 பிப்ரவரி முதல்தான் கிருஷ்ணகிரி மாவட்டம். தேதியையும் மாவட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஆவணத்தின் காலம் விளங்கும்.

தஃப்தர் ஊரார் புரட்டிப் பார்க்கும் புத்தகம் அன்று. மணமக்களுக்கும், அவர்தம் பெற்றோர் பிள்ளைகளுக்கும், நீதிமன்றம் கேட்டால் நீதிமன்றத்திற்கும் நகல் தரப்படும். வேறொரு ஜமாஅத், ‘இவருக்கு ஏற்கெனவே மணமாகியிருக்கிறதா?’ என்று எழுத்து மூலம் கேட்டால் உண்மையை எழுத்து மூலமே தெரிவிப்போம். மற்றபடி அடுத்தவர் வீட்டு மஹர் தொகையை அறிந்து பேசுவதற்காக அப்புத்தகம் இல்லை.

நிர்வாகத்திற்கும் மஹல்லாவாசிகளுக்கும்

நான்கு வேண்டுகோள்களை இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறோம். ஒன்று, தஃப்தரை இரு படிகளாக எழுதி இரண்டையும் வெவ்வேறு இடத்தில் வைப்பது. கரையானுக்கு மார்க்கமும் தெரியாது, சட்டமும் தெரியாது. இரண்டு, பழைய தஃப்தர்களின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்துக் கணினியில் சேமிப்பது. படித்த நம் இளைஞர்கள் ரமலானுக்கு முன் இதை முடித்துத் தரலாம். மூன்று, மணமகளின் கையொப்பத்தை அவரிடமே நேரில் பெறுவது. அவர் சார்பில் வக்கீல் சம்மதம் தெரிவித்தாலும், கையொப்பம் அவருடையதாகவே இருக்கட்டும். நான்கு, நிக்காஹ் நடந்த 60ஆம் நாள், பதிவு ஆயிற்றா என்று செயலாளர் அவ்வீட்டாரைத் தொலைபேசியில் கேட்பது. இன்னும் 30 நாட்கள் கையில் இருக்கும்போதே நினைவூட்டினால் காரியம் நடந்துவிடும்.

பெற்றோர்களே! பந்தலுக்கும் பிரியாணிக்கும் மாதக்கணக்கில் திட்டமிடுகிறீர்கள். பதிவுக்கு ஆகும் கட்டணம் சொற்பம். ஓர் அரைநாள் விடுப்புப் போதும். உங்கள் மகளுக்கு நீங்கள் கொடுத்தனுப்பும் பொருட்களில் பல தேய்ந்து அழிந்துவிடும். அவருக்குத் துன்பம் வரும் நாளில் எவர் வீட்டு வாசலிலும் கைகட்டி நிற்காமல் காப்பாற்றும் அந்தத் தாளையும் அவருடைய பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் இல்லறத்தில் அன்பையும் இரக்கத்தையும் பொழிவாயாக! உடன்படிக்கைகளை நிறைவேற்றுவோராகவும் அமானிதங்களைப் பேணுவோராகவும் எங்களை ஆக்குவாயாக! கணவனை இழந்த சகோதரிகளுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் நீயே பொறுப்பாளனாக இருப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.